டர்பன் புழுக்கத்தில் ஓவர்க்ளாக்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் மாமா பையன் கேமிங் கம்ப்யூட்டர் கட்டப் போகிறான். கையில் காசு கொஞ்சம்தான், ஆனால் ஓவர்க்ளாக் செய்தே ஆக வேண்டுமாம், அதாவது பிராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டுமாம். சரி, முதலில் மதர்போர்டைப் பாரடா என்றேன். ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர் வாங்கிவிட்டு ஏ520 வகை மதர்போர்டில் மாட்டினால் பிராசசர் வேகத்தில் கை வைக்கவே முடியாது. பி450, பி550 என்றால் முடியும். இன்டெல் பக்கம் போனால் பெயரில் கே போட்ட பிராசசர், கூடவே இசட் என்று தொடங்கும் வகை மதர்போர்டு. அங்கேயே பர்ஸ் காலி.

பிராசசர் உட்காரும் சாக்கெட்டை ஒட்டி, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மேல், சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். மொட்டையாக இருந்தால் வேண்டாம். இங்கே கோடையான ஜனவரியில் அறையே 30 டிகிரி என்றால், பிராசசர் மேல் மாட்டும் எந்த ஏர் கூலரும் பிராசசர் சூட்டை அதற்குக் கீழே இறக்காது.

அவனோ கலர் லைட் ஃபேன் தேடிக்கொண்டிருக்கிறான். அந்த ராண்ட் பணத்தை நல்ல பவர் சப்ளையில் போடலாம். கேட்கிற வயசா?