சான்றிதழ் சரி, கூப்பிட்ட பெயர்தான் தப்பு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில் போடும் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ், மும்பையில் ஒரு சர்வரில் இருக்கிறது. போன வாரம் சர்வரை மாற்றிய மறுநாள் காலை, வாசலில் லோடு வண்டி நிற்கும் நேரத்தில், இரண்டு கம்ப்யூட்டருமே இணைய மறுத்துவிட்டன.

போஸ்ட்கிரெஸுக்கு இணைப்பு போகும் வாசலான போர்ட் 5432 திறந்துதான் இருந்தது. அப்போ கோளாறு டிஎல்எஸ்ஸில், அதாவது தகவலை மறைத்து அனுப்பி, சர்வர் காட்டும் சான்றிதழை வைத்து அது யார் என்று சோதிக்கும் முறையில். முதல் கம்ப்யூட்டரில் வந்த பிழைச் செய்தியை முழுசாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்: சான்றிதழில் உள்ள பெயரும் நாம் கூப்பிடும் பெயரும் பொருந்தவில்லை என்று அதிலேயே இருந்தது. அவசரத்தில் டொமைன் பெயருக்குப் பதிலாக சர்வரின் எண் முகவரியான ஐபி முகவரியைப் போட்டிருக்கிறார்கள்.

"வெரிஃபை-ஃபுல்லை எடுத்துட்டு ரிக்வயர்னு போட்ருவோம்ணே" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. இரண்டும் இணையும்போது எவ்வளவு சோதிக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புகள்; வெரிஃபை-ஃபுல் சான்றிதழையும் பெயரையும் சோதிக்கும். மாற்றினால் இணைப்பு கிடைக்கும்தான். ஆனால் ரிக்வயர் தகவலை மறைத்து அனுப்புமே தவிர பெயரைச் சரிபார்க்காது, யார் கொடுத்த சான்றிதழை நம்பலாம் என்று சொல்லும் ரூட் சான்றிதழ் கோப்பும் இல்லையென்றால் எதிரில் இருப்பது யார் என்றே கேட்காது. ஊர்ப்பட்ட கடைகளின் கடன் கணக்கு அதில் போகிறது, நான் சம்மதிக்கவில்லை. டொமைன் பெயரைப் போட்டதும் இணைந்துவிட்டது.

இன்னொரு கம்ப்யூட்டரில் வேறு செய்தி, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று. ராத்திரி கரண்ட் போனதில், மதர்போர்டு பேட்டரியும் தீர்ந்திருந்ததால், தேதி, சான்றிதழ் தொடங்கும் நாளுக்கும் முன்னால், 2015க்குப் போயிருந்தது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டு நேரத்தைச் சரிசெய்தேன், பத்து மணிக்குள் பில் ஓட ஆரம்பித்தது.