மூன்று கண்ணாடிக்குப் பிறகு ஒரு ஸ்கேன்

அம்மாவுக்கு 61 வயது. தண்டையார்பேட்டையில் நாற்பது வருடமாக ரவிக்கை தைப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண ஆர்டரில் இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் வைத்துத் தைத்துவிட்டார். அவசரத்தில் நடந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் இரண்டு பட்டியிலும் ஹூக்கே வந்தது. ஊசி கண் முன்னால் மேசையில் கிடக்கும், "எங்கடி வச்சேன்?" என்று அதைச் சுற்றியே துழாவுவார்.

யாருக்கும் கண் மேல்தான் சந்தேகம் வரும். ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றினோம். லேசாகப் புரை இருந்தது, அதற்கும் ஆபரேஷன் செய்தாயிற்று. கடைசியில் கண் டாக்டரே, "கண்ணு நல்லா இருக்கும்மா. பார்க்கிறதை மூளை புரிஞ்சுக்கிற இடத்துலதான் ஏதோ இருக்கு" என்று நரம்பியல் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன. ஆனால் தெருவில் யாருக்கு எத்தனை இஞ்ச் என்று கேட்டால் இன்றைக்கும் அளவு நோட்டைப் பார்க்காமலே சொல்வார். பி12, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பின்பக்கம் சுருங்கியிருப்பது தெரிந்தது. "அல்சைமரா இருக்கலாம்" என்றார் டாக்டர். ஞாபகம் நன்றாக இருக்கிறதே என்று வாதம் செய்தேன். சிலருக்கு அந்த நோய் ஞாபகத்தில் ஆரம்பிக்காமல் பார்வையைக் கையாளும் இடத்தில் ஆரம்பிக்குமாம். அதற்குப் பெயர் போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ராஃபி. வேறு நோய்களாலும் அந்த இடம் சுருங்கலாம் என்பதால், அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் இருக்கிறதா என்று, கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுக்கும் பெட் ஸ்கேனில் பார்க்கச் சொன்னார். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் அந்தப் படிவை விவரித்தது, இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து. உயிரோடு இருப்பவரின் மூளையில் அதைப் படம் பிடிக்க முடிந்ததே 2000க்குப் பிறகுதான்.

முதல் தடவை போனது வீண். சீட்டில் 'பெட் பிரெய்ன்' என்று மட்டும் இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், போனோம். ஊசி போடும் நேரத்தில்தான் தெரிந்தது, அவர்கள் பதிவு செய்திருந்தது மூளை சர்க்கரையை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கும் சாதாரண பெட். அமிலாய்டுக்கு மருந்தே வேறு, பட்டினியும் தேவையில்லை. கோபம் வந்தது, யாரிடம் காட்ட? சீட்டில் 'அமிலாய்டு பெட்' என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் ஸ்கேன் என்று எங்கள் பாலிசியில் கைவிரித்துவிட்டார்கள், அண்ணி வளையல் அடகுக்குப் போனது.

இரண்டாவது தேதியில் காலையில் போன் வந்தது: மருந்து தயாராகவில்லை, இன்று வேண்டாம். அதில் இருக்கும் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கிற விஷயம் இல்லை. அதனால் மூன்றாவது தேதியில் நாங்கள் தாமதமாகிவிடக் கூடாது என்று, கன்டெய்னர் லாரிகளை நம்பாமல் மெட்ரோவிலேயே போனோம்.

காத்திருக்கும் அறையில் முக்கால்வாசிப் பேர் புற்றுநோய்க்காக வந்தவர்கள். அம்மா தலையில் முடி இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு என் காதில், "எனக்கு இன்னாடி? மறைக்காம சொல்லு" என்றார். இதை வீட்டிலேயே சொல்லித் தயார்படுத்தியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. கையில் ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், மருந்து மூளைக்குப் போய்ப் படிய அவ்வளவு நேரமாம். ஸ்கேன் என்னவோ இருபது நிமிடம்தான். எம்.ஆர்.ஐ. மாதிரி டமடம சத்தம் இல்லை, தலையை மட்டும் ஆட்டாமல் படுக்க வேண்டும். அன்று முழுக்க நிறைய தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், சாயங்காலம் வரை கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றார்கள். வீட்டு வாசலில் அண்ணன் குழந்தை "ஆயா" என்று கையை நீட்டி அழுதபோது, அம்மா கதவோரமாகவே நின்றார்.

ரிப்போர்ட் 'பாசிட்டிவ்'. டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். அமிலாய்டு படியாத மூளையில் உள்ளே இருக்கும் வெண்பொருளில் மட்டும் மருந்து தெரியும், வெளிப்பட்டைக்கும் அதற்கும் நடுவே கோடு பிரித்த மாதிரி இருக்கும். எனக்கு லைனிங்கும் மேல்துணியும் தனித்தனியாகத் தெரிகிற ரவிக்கை ஞாபகம் வந்தது. அம்மாவின் படத்தில் அந்தக் கோடே இல்லை, எல்லாம் ஒரே நிறமாக ஓரம் வரை பரவியிருந்தது.

இதை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னார். வயதானவர்களில் தெளிவாக இருப்பவர்களுக்கே சில சமயம் பாசிட்டிவ் வரும். அம்மாவுக்கு அறிகுறி, எம்.ஆர்.ஐ., இது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் முடிவுக்கு வந்தார். அமெரிக்காவில் 2023இல் லெகானெமாப், 2024இல் டொனானெமாப் என்று அமிலாய்டைக் கரைக்கும் ஊசிகளுக்கு அனுமதி கிடைத்திருப்பதைப் படித்துவிட்டுக் கேட்டேன். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வர வாய்ப்புள்ள மருந்துகள் அவை, அம்மாவின் எம்.ஆர்.ஐ.யில் ஏற்கெனவே சின்னச் சின்னக் கசிவுப் புள்ளிகள் நிறைய இருந்தன, வேண்டாம் என்றுவிட்டார். அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறது.

போன வாரம் அந்த மூன்று கண்ணாடியையும் செய்துகொடுத்த கடைப் பக்கம் போனேன். கதையைக் கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதே மாதிரி இன்னொருத்தரும் வராரும்மா. எந்தப் பவர் போட்டாலும் சரியா வரலன்றாரு. அந்தப் பேரை எழுதிக் குடு" என்றார். பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நீளமான பெயர், இரண்டு வரி பிடித்தது.