பழைய போனை ரூட் செய்யலாமா?

ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்யலாமா, அதாவது கம்பெனி பூட்டி வைத்த முழுக் கட்டுப்பாட்டையும் நம் கைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தினமும் பணம் அனுப்பும் போன் என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆசை நியாயமானதுதான். காசு கொடுத்து வாங்கிய போனில் கம்பெனி திணித்த ஆப்பை நீக்கக்கூட நமக்கு அனுமதி இல்லை என்பதில் எனக்கும் கோபம் உண்டு. அப்டேட் நின்றுபோன மாடல் லினேஜ் ஓஎஸ் (ஆண்ட்ராய்டை வைத்து தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச இயங்குதளம்) பட்டியலில் இருந்தால், அதைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். (அதற்கு, போனை ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் ஓடலாம் என்று பார்க்கும் பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட் தேவையில்லை. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

ரூட் செய்யவும் பெரும்பாலும் முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். ஆனால் அப்படித் திறக்கும்போது போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். முதலில் போட்டோக்களை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அப்புறம், பல வங்கி ஆப்கள் வேலை செய்ய மறுக்கும். நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள சாம்சங் போன்களில், வேறு மென்பொருளைப் போட்டால் ஒரு மின் ஃபியூஸ் நிரந்தரமாக எரியும். பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வராது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம், ரூட் அனுமதி கேட்கும் ஆப்புக்கு யோசிக்காமல் சரி கொடுப்பதுதான். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. ரூட் கிடைத்த ஆப் எந்த அறைக்குள்ளும் நுழையும், உங்கள் ஓடிபி வரை படிக்கும்.

சிம் இல்லாத பழைய போன் இருந்தால் அதில் தாராளமாகச் செய்து பாருங்கள். உங்கள் மாடலுக்கான செய்முறையை முழுதாகப் படித்துவிட்டு, சார்ஜ் நிறைய வைத்துக்கொண்டு.