சோலார் மானியம் கேட்குமுன் ஃபேன்களை எண்ணுங்கள்

கொழும்பில் உள்ள முன்பள்ளிகளும் அறநெறிப் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் சோலார் போட மானியம் கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் பல ஒரே வசனத்தோடு தொடங்குகின்றன: உலகில் 60 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மின்சாரம் இல்லை. உண்மைதான். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சஹாராவுக்குத் தெற்கே வாழ்கிறார்கள். மட்டக்குளியிலோ வத்தளையிலோ மின்கம்பி போகாத ஒழுங்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விண்ணப்பத்தை வாசிப்பவர் கொழும்பிலேயே இருப்பவர். முதல் வரியிலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

நம்முடைய பிரச்சினை வேறு. கம்பி வந்துவிட்டது, பில்லைத்தான் கட்ட முடியவில்லை. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. பிறகு குறைந்தும் கூடியும் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஐ.நா.வின் ஏழாவது நிலைபேறான அபிவிருத்தி இலக்கு மின்கம்பியை மட்டும் பேசவில்லை. கட்டுப்படியாகும் விலையையும் நம்பகத்தன்மையையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் தேவை அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. கடந்த 24 மாத மின் பில்களை ஒரு அட்டவணையாக்கி, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

பில்லைக் கையில் எடுக்கும்போதே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மீற்றர் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. இறந்துபோன வீட்டுக்காரர் பெயரிலோ பழைய தலைவர் பெயரிலோ இருந்தால், உங்கள் பகுதிக்கு மின்சாரம் தரும் நிறுவனத்திடம் சோலார் இணைப்புக் கேட்டுப் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள். மற்றது, எந்தக் கட்டண வகையில் இருக்கிறீர்கள் என்பது. மத மற்றும் அறநிலையங்களுக்கு எனத் தனி வகை உண்டு. பதிவு செய்த அறநிறுவனமாக உங்களை ஏற்றுக்கொண்டால், ஒரு பேனலும் போடாமலே பில் குறையலாம். வீட்டு மீற்றரில் நடக்கும் முன்பள்ளி என்றால் மாதம் 60 அலகைத் தாண்டுவதா இல்லையா என்பதே பெரிய விஷயம். அந்தக் கோட்டைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே விலை மாறுகிறது.

இனிச் சுமைப் பட்டியல், அதாவது எந்தக் கருவி நாளுக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற பட்டியல். விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பலரோ "5 கிலோவாட் சோலார்" என்று எழுதிவிட்டு, ஏன் 5 என்று கேட்டால் கடைக்காரர் சொன்னார் என்பார்கள்.

பகலில் முன்பள்ளியும் மாலையில் வகுப்பும் நடக்கும் ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் 8, நாளுக்கு 4 மணி நேரம்: 288 வாட்-மணி. சாதாரண 75 வாட் சீலிங் ஃபேன் 6, தலா 6 மணி நேரம்: 2,700. சிறிய குளிர்சாதனப் பெட்டி சுமார் 1,000. இரண்டு மடிக்கணினிகள் 400. அரைக் குதிரைவலுத் தண்ணீர் மோட்டார் அரை மணி நேரம் 250. இணைய ரூட்டர் 240. மொத்தம் 4,878 வாட்-மணி, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 4.9 அலகு. இதில் பாதிக்கு மேல் தின்பது ஃபேன். அவற்றைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள வகை) போட்டால் 2,700 என்பது 1,080 ஆகிறது. மொத்தம் 3,258.

கொழும்புக் கூரையில் நல்ல திசையில் உள்ள 1 கிலோவாட் பேனல், மழை நாட்களையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 3.5 அலகு தரும் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. பழைய ஃபேனோடு 1.4 கிலோவாட் வேண்டும், அதாவது 550 வாட் பேனல் மூன்று. புது ஃபேனோடு இரண்டு பேனல் போதும். பற்றரியில் இலாபம் இன்னும் பெரிது. மாலைக்கும் இரவுக்கும் பழைய ஃபேனோடு சுமார் 2,670 வாட்-மணி போகும், புது ஃபேனோடு 1,860. லித்தியம் இரும்புப் பொஸ்பேட் பற்றரியில் 80 வீதத்தையே எடுக்க வேண்டும். பேனல், பற்றரி மின்சாரத்தைக் கருவிகளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டியான இன்வேர்ட்டரில் இன்னொரு 10 வீதம் போகும். ஆகவே இரண்டையும் 0.72ஆல் வகுக்க வேண்டும். 3.7 கிலோவாட்-மணிப் பற்றரி தேவைப்பட்ட இடத்தில் 2.6 போதும். அந்த வித்தியாசம் ஆறு ஃபேன்களின் விலையைவிட எவ்வளவு அதிகம் என்பதைக் கடையில் கேட்டு, விண்ணப்பத்தில் எழுதுங்கள். தனக்கு வேண்டியதைக் குறைத்துவிட்டுக் கேட்பவரை எந்த மதிப்பீட்டுக் குழுவும் வேறு விதமாகத்தான் பார்க்கும்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றரி வரிசையில் சேர்க்காதீர்கள். ஓடும்போது 500 வாட் எடுக்கும் மோட்டார், புறப்படும் கணத்தில் அதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். அந்த ஒரு கணத்துக்காகப் பெரிய இன்வேர்ட்டர் வாங்க வேண்டி வரும். பகலில், பொது மின்கம்பியில் ஓடவிட்டுத் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்வேர்ட்டரின் வகையை விலைக்கோரலில் தெளிவாக எழுதுங்கள். பற்றரி இல்லாத, கம்பியோடு மட்டும் இணையும் வகை, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். எவ்வளவு வெயில் அடித்தாலும் வராது. தூணில் ஏறித் திருத்தும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. மின்வெட்டில் வெளிச்சம் வேண்டும் என்று எழுதிவிட்டு இந்த வகையை வாங்கினால், திட்டம் திறப்பு விழாவோடு முடிந்துவிடும். உங்களுக்கு வேண்டியது பற்றரியோடு கூடிய ஹைபிரிட் வகை.

கூரை. கொழும்பில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஒரு 550 வாட் பேனல் சுமார் 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம், 27 கிலோ எடை. அஸ்பெஸ்டஸ் தகட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடையும், ஆளும் விழுவார். சட்டங்களின் மேல் பலகை போட்டே நடக்க வேண்டும். துளையிடும்போது நனைத்துத் துளையிட வேண்டும், தூசி நுரையீரலுக்குக் கேடு. அடியில் சிறு பிள்ளைகள் இருக்கும் இடமென்றால் அந்தப் பகுதிக் கூரையை மாற்றும் செலவையே பட்ஜெட்டில் போடுங்கள். முகத்துவாரம், வெள்ளவத்தை போலக் கடலோரமாக இருந்தால் சாதாரண இரும்புச் சட்டம் சில வருடத்தில் உப்பில் கரையும். அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் என்று எழுத்தில் கேளுங்கள். கூரை யாருடையது என்ற கேள்வியும் உண்டு. கொழும்பு நகருக்குள் உள்ள தோட்டக் குடியிருப்புகளில் காணி மாநகர சபைக்கோ நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ சொந்தமாக இருக்கலாம். உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தில் எத்தனை வருடத்துக்கு என்பது இருக்க வேண்டும். ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தின் மேல் 20 வருடப் பேனலுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

யாரிடம் கேட்பது? உலக வங்கியும் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியும் நடத்தும் 'மிஷன் 300' போன்ற பெரிய நிதிகள் ஆபிரிக்காவுக்கானவை. அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கிறது. தனியாருக்கோ கம்பனிக்கோ அல்ல, சமூக அமைப்புகளுக்குத்தான் தருகிறது. நீண்ட காலமாக வழமையான உச்சம் 50,000 டொலராக இருந்தது. சுற்றாடல் பயனை, அதாவது எவ்வளவு கரியமிலவாயு குறையும் என்பதை, அவர்கள் கணக்காகக் கேட்பார்கள். அதற்கு இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு எண்ணைப் போடாமல், இலங்கை நிலைபேறான சக்தி அதிகார சபையின் சக்திச் சமநிலை அறிக்கையில், ஒரு அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமிலவாயு என்று உள்ள எண்ணைப் பயன்படுத்துங்கள். ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மானியம் பொதுவாக 1 கோடி யென் வரை. கட்டடம், உபகரணம் என்றால் தருவார்கள். சம்பளம், பராமரிப்பு போன்ற நடைமுறைச் செலவுக்குத் தரமாட்டார்கள்.

பட்ஜெட்டில் அடிக்கடி விடுபடுபவை: பூமிக்கம்பி, மின்னல் தடுப்பு, சாரம் கட்டும் கூலி, பழைய வயரிங்கைத் திருத்துவது, பட்டய மின் பொறியியலாளரின் சான்றிதழ். விலைக்கோரல் மூன்று எடுங்கள். மூன்றிலும் பெறுமதி சேர் வரி (வற்) தனியாகக் காட்டப்பட்டிருக்கட்டும். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், அதை மறந்தால் ஒரு பேனல் குறையும். ரூபாய் விழும் ஆபத்தையும் எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. ரூபாயில் ஒப்பமிட்டு, டொலரில் விலை போடப்படும் பொருளை ஆறு மாதம் கழித்து வாங்கப் போனவர்களின் திட்டம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. முதல் தவணைப் பணம் வந்தவுடன் பேனல், இன்வேர்ட்டர், பற்றரி மூன்றையும் வாங்க அனுமதி கேளுங்கள்.

எட்டாம் வருடம். பற்றரியும் இன்வேர்ட்டரும் பேனலைப் போல 20 வருடம் நிற்காது. அவற்றை மாற்ற 3 இலட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 96 மாதத்தால் வகுத்தால் மாதம் 3,125 ரூபாய். இதை யாரும் கையிலிருந்து போட வேண்டியதில்லை. முன்பு கட்டிய பில்லுக்கும் இப்போது வரும் பில்லுக்கும் இடையிலான மிச்சத்திலிருந்தே மாதாமாதம் தனிக் கணக்கில் போக வேண்டும். அந்த மிச்சம் 3,125 ரூபாயை எட்டாவிட்டால், மாணவர் கட்டணத்திலிருந்து எவ்வளவு சேரும் என்பதை எழுதிக் காட்டுங்கள். கணக்கை மூன்று பேர் ஒப்பத்தில் திறக்க நிர்வாக சபை நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரதியை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

பராமரிப்புப் பொறுப்பாளரின் பெயரையும் அதே தீர்மானத்தில் போடுங்கள். அவருக்கு வேலை அதிகமில்லை. கொழும்பில் காகம் அதிகம். எச்சம் பேனலில் உள்ள ஒரு செல்லை மூடினால் அந்த இடம் சூடேறிக் கருகும். மாதம் ஒரு தடவை, வெயில் ஏறுமுன், சவர்க்காரம் இல்லாத தண்ணீரால் கழுவ வேண்டும். இன்வேர்ட்டர் பெட்டியின் வயர் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல்லியும் எறும்பும் அந்த வழியாகத்தான் நுழைந்து சோர்ட் ஆக்குகின்றன. மீற்றர் வாசிப்பை ஒரு கொப்பியில் குறிக்க வேண்டும். நிதி தந்தவர்கள் ஒரு வருடம் கழித்து வரும்போது முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.