சுகர் ஃப்ரீ சாக்லேட்டும் ஒரு ராத்திரியும்

சர்க்கரையைக் குறைப்பதாகச் சபதம் எடுத்த முதல் வாரம், "சுகர் ஃப்ரீ" என்று போட்டிருந்த ஒரு சாக்லேட் பெட்டியை ஒரே மூச்சில் காலி செய்தேன். சர்க்கரைதான் இல்லையே, எத்தனை தின்றால் என்ன என்ற தைரியம். அன்று ராத்திரி வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போட்டு, விடிய விடிய நானும் கழிப்பறையுமாக இருந்த கதையை இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். மறுநாள்தான் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் பெயரே மால்டிடால். கீழே பொடி எழுத்தில், அதிகம் சாப்பிட்டால் பேதியாகலாம் என்று ஒரு வரி.

மால்டிடால், சார்பிடால், சைலிட்டால் எல்லாம் சர்க்கரை ஆல்கஹால் வகை. பெயரில்தான் ஆல்கஹால், போதை ஏறாது. சிறுகுடல் இவற்றை முழுசாக உறிஞ்சுவதில்லை, மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயுவைக் கிளப்புகிறது. கலோரியும் இல்லாமல் இல்லை: சர்க்கரையில் கிராமுக்கு 4 என்றால் மால்டிடாலில் சுமார் 2. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். (வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் கலந்த எதையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அதற்கு அது விஷம்.)

காபியில் சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு மாத்திரை வேறு விஷயம். அஸ்பார்டேம் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு, சுக்ரலோஸ் 600 மடங்கு, அதனால் துளி போதும். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை 2பி பட்டியலில் (புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்ற வகை) சேர்த்ததும் நண்பர் ஒருவர் டப்பாவையே குப்பையில் போட்டுவிட்டார். ஆனால் அதே சமயம் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவே இல்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட தினமும் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோநியூரியா என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ளவர்கள்தான் அஸ்பார்டேமைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மற்றபடி எனக்கு அதில் பயமில்லை.

என்னை யோசிக்க வைத்தது அதே வருடம் மே மாதம் வந்த வழிகாட்டுதல். எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள், நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றது உலக சுகாதார நிறுவனம். (ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.) ஏன் குறையவில்லை என்று என் கணக்கைப் பார்த்தேன்: காபியில் மாத்திரை போட்ட தெம்பில் கூட இரண்டு பிஸ்கட், சாயங்காலம் இன்னும் இரண்டு. மிச்சம் பிடித்த கலோரியை நானே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதிதான் போடுகிறேன். முதல் நாலு நாள் வாயில் வைக்க முடியவில்லை, அப்புறம் பழகிவிட்டது. பிஸ்கட் விஷயத்தில் இன்னும் இழுபறிதான்.