"கார்டு மாத்திடலாம் மாமா"

2024 மே மாதம். வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மின்விசிறி அனல்காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா பையன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே, "மாமா, உங்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. கார்டு மாத்திடலாம் மாமா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சொன்னான்.

அது 2015இல் வாங்கிய கம்ப்யூட்டர். மூளையாக ஐ5-4460 பிராசசர், எல்லாவற்றையும் மாட்டும் பலகையாக எச்81 போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்3 ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 1366க்கு 768 மானிட்டர். 2017இல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு சேர்த்தேன். 75 வாட்டுக்குள் ஓடும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனி ஒயர் கேட்காது என்பதால்தான் அதை எடுத்தேன். கார்டில் மானிட்டரின் பழைய விஜிஏ பின்னை மாட்ட வழி கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கன்வெர்ட்டருக்காக மறுபடி கடைக்குப் போனேன்.

பையன் ஆடியது ஜிடிஏ 5, ஊரெல்லாம் கார் ஓட்டித் திரியும் கேம். அதன் பிசி பதிப்பு வந்ததே 2015இல்தான். வயதில் கம்ப்யூட்டரும் கேமும் இரட்டைப் பிள்ளைகள். முன்பெல்லாம் நன்றாக ஓடிய கேம்தான், இப்போது பத்து நிமிஷத்தில் படுத்துவிடுகிறது. கார் ஓடும் சத்தம் தொடர்ந்து வரும், படம் மட்டும் விட்டு விட்டு வரும். வளைவில் ஸ்டியரிங் திருப்பினால் வண்டி அரை விநாடி கழித்துத் திரும்பி, நேராகச் சுவரில் போய் மோதும்.

'பத்து நிமிஷம் கழித்து' என்பதில்தான் விஷயமே இருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

முதல் நான்கு நாளில் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் ஒரு 'பூஸ்டர்' மென்பொருளைப் பையன் இறக்கினான். அது மூலையில் ஒரு ராக்கெட் படத்தைப் போட்டு, தன் பங்குக்கு ராமையும் கொஞ்சம் சாப்பிட்டது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம். விண்டோஸ் பின்னணியில் கேமைப் பதிவு செய்துகொண்டிருந்ததை நிறுத்தினோம். எதற்கும் அசையவில்லை. ஒரு கடையில் கேட்டதற்கு, "சார், இதெல்லாம் ஃபார்மட் அடிச்சாலும் தேறாது, புதுசா எடுத்துடுங்க" என்றார்கள். விலையையும் சொன்னார்கள். நான் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வழி காட்டியது பையன் சலிப்பில் செய்த ஒரு காரியம். கேமின் அமைப்புகளை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கி, ரெசல்யூஷனை 800க்கு 600 ஆக்கினான். படம் நனைந்த சுவரொட்டி மாதிரி ஆனது. ஆனால் வேகம் துளிகூட ஏறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்டு திணறுகிறது என்றால், வரைய வேண்டிய புள்ளிகளைக் குறைத்ததும் வேகம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, வேறு யாரோ அதைக் காக்கவைக்கிறார்கள். சமையல்கட்டில் தோசை வரவில்லை என்றால், சாப்பிடும் தட்டைச் சின்னதாக்கி என்ன பயன்?

ஆஃப்டர்பர்னர் மென்பொருளை நிறுவி, கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்கள் தெரிகிற மாதிரி வைத்தோம். கார்டின் சுமை, பிராசசரின் சுமை, இரண்டின் வெப்பம், பிராசசரின் வேகம், விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற ஃபிரேம் கணக்கு. முதல் ஐந்து நிமிஷம் 60 ஃபிரேம், பிராசசர் 3.2 கிகாஹெர்ட்ஸ். வெப்பம் 85, 91, 96 என்று ஏறிக்கொண்டே போனது. 99ஐத் தொட்டதும் வேகம் 2.4 ஆனது, அப்புறம் 1.6, ஒரு கட்டத்தில் 1.2. ஃபிரேம் 19. கார்டின் சுமை வெறும் 35 சதவீதம். இந்தத் தலைமுறை பிராசசர்கள் நூறு டிகிரியை நெருங்கினால் எரிந்துபோகாமல் இருக்கத் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசசர் மேலிருக்கும் விசிறி வேறு அதுவரை ஹேர் டிரையர் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதைக் கேமின் சத்தத்தில் கேட்காமல் இருந்தோம்.

"கார்டு மேல தப்பு இல்ல போல" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. புது கார்டு கனவு அவனுக்கு.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கேபினெட்டைத் திறந்தோம். அது இருந்த இடம் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், தரையில். ஒன்பது வருஷத்து ஊதுபத்திப் புகையும் தெருப்புழுதியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தேன். விசிறிக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. தூசிதான், ஆனால் விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வருகிற அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. விசிறி எவ்வளவு சுற்றி என்ன, காற்று உள்ளேயே போகவில்லை. கேபினெட் மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடுகளும் கிடந்தன.

தூசியை மொட்டைமாடியில் வைத்து பிளோயரால் ஊதினோம். விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும். அதோடு முடிந்தது என்று நினைத்து பிராசசரின் சூட்டை இழுக்கும் அந்த அலுமினியக் கட்டியை, அதாவது ஹீட்சிங்க்கை, லேசாகத் தொட்டேன். ஆடியது.

ஹீட்சிங்க் என்பது ஆடவே கூடாத பொருள். இன்டெல் பிராசசரின் பெட்டியோடு வரும் கூலருக்கு (விசிறியும் ஹீட்சிங்க்கும் சேர்ந்தது) நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் உண்டு. போர்டின் துளைக்குள் வெள்ளைக் கால் இறங்கி, அதன் நடுவே கறுப்புப் பின் இறங்கி, காலை விரித்துப் பிடிக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு மூலையில் வெள்ளைக் கால் துளைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கூலர் பிராசசரை அழுத்தவே இல்லை. இரண்டு வருஷம் முன்பு டிஸ்பிளே வரவில்லை என்று ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். அங்கே கழற்றி மாட்டியபோது விட்டுப்போயிருக்கலாம். யாரைக் கேட்பது?

பின்னின் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் திருப்பினால் பிடி விடும். நான்கையும் திருப்பிக் கூலரை எடுத்தோம். அடியில் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்று எதுவும் இல்லை, சுண்ணாம்புக் காரை மாதிரி ஒரு வெள்ளைப் பொருக்குதான் இருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று மொபைல் சர்வீஸ் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள், அதை மெல்லிய துணியில் நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தேன். பிராசசரின் மேல் அச்சடித்த எழுத்துகள் வெகுகாலம் கழித்து வெளிச்சம் பார்த்தன.

புது பேஸ்ட்டைப் பையன் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது மாதிரி தடவப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், கூலர் அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகப் பரப்புக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை நிரப்புவது மட்டும்தான். மெத்தையாகப் போட்டால் அதுவே தடுப்பாகிவிடும்.

கூலரைத் திரும்ப மாட்டி ஆன் செய்தோம். ஒரு நிமிஷத்தில் வெப்பம் 97. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடி திறந்து பார்த்தால், என் தப்பு. கழற்றும்போது திருப்பிய பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பி வைக்காமலே அழுத்தியிருக்கிறேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மறுபடி துடைத்து, மறுபடி பேஸ்ட் வைத்து, இந்த முறை பின்களைத் திருப்பி வைத்துவிட்டு எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். போர்டு லேசாக வளைகிற மாதிரி இருக்கும், மனசு பதறும், ஆனாலும் அந்த 'டக்' வருகிறவரை விடக்கூடாது. நான்கு டக்கையும் பையன் வாய்விட்டு எண்ணினான்.

அன்று மதியம், அறைக்குள்ளேயே 36 டிகிரி இருந்த நேரத்தில், ஒரு மணி நேரம் ஆடியும் பிராசசர் 76ஐத் தாண்டவில்லை. வேகம் 3.2க்குக் கீழே இறங்கவில்லை. கேம் 60 ஃபிரேமில் நின்றது. பேஸ்ட்டும் ஐபிஏவும் சேர்த்து ஆன செலவு நானூறு ரூபாய்க்குள்.

ஆனால் முழுசாகச் சரியாகவில்லை. நகரத்துக்குள் வேகமாக வண்டி ஓட்டினால் மட்டும் அவ்வப்போது ஒரு விக்கல். சராசரி 60தான், நடுவில் அரை விநாடி உறைந்துபோகும். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ராம் 7.6 ஜிபி வரை நிரம்பியிருந்தது, ஹார்ட் டிஸ்க்கின் சுமை நூறு சதவீதத்தில் நின்றது. கேம் புதுத் தெருவைக் கேட்கிறது, டிஸ்க் தேடிக்கொண்டிருக்கிறது. ராமில் இடமில்லாமல் விண்டோஸும் அதே டிஸ்க்கில் போய்ப் பழைய சாமானைப் போட்டு எடுக்கிறது. ஒரே வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள்.

சென்னையில் ஒரு வேலை இருந்ததால் அப்படியே எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய் பழைய 8 ஜிபி ராம் ஸ்டிக் ஒன்றும், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கி வந்தேன். ஸ்டிக்கைக் கையில் வாங்கியதும் ஸ்டிக்கரைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. முதலில் எடுத்துக் கொடுத்தது 1333 வேகத்து ஸ்டிக். அதைப் போட்டால் என்னிடம் இருக்கும் 1600உம் அதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்டிக் ஆனதில் கொள்ளளவு மட்டும் கூடவில்லை. ராமிலிருந்து பிராசசருக்கு ஒரே சேனலில் விநாடிக்கு 12.8 ஜிபி என்று போய்க்கொண்டிருந்த வழி இரட்டிப்பாகிறது. வீட்டுக்கு வந்து மாட்டினால் திரை கறுப்பு. ஸ்டிக்கின் தங்க நிறப் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டியதும் வந்துவிட்டது. இந்த வைத்தியத்துக்குப் புத்தகத்தில் என்ன பெயரோ, சர்வீஸ் செய்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

எஸ்எஸ்டியிலும் ஒரு சறுக்கல். வேகத்தைச் சோதித்தால் விநாடிக்கு 270 எம்பியைத் தாண்டவில்லை. எச்81 போர்டில் டிஸ்க்குகளை மாட்டும் சாட்டா துளைகள் நான்கு இருந்தாலும் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் பாதி வேகம். நான் பாதி வேகத் துளையில் மாட்டியிருந்தேன். மாற்றியதும் 500ஐத் தாண்டியது. விண்டோஸும் நூறு ஜிபிக்கு மேல் எடுக்கும் அந்த ஒரு கேமும் அதில், மீதியெல்லாம் பழைய டிஸ்க்கில். விக்கல் நின்றது. கேம் திறப்பதற்குள் அவன் காபி குடித்துவிட்டு வருகிற வழக்கமும் நின்றது.

எல்லாம் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். பிராசசருக்கு நான்கு கோர், நான்கு த்ரெட்தான், ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் பார்க்கும். பையன் ஆசைப்பட்டு இறக்கிய ஒரு புது கேம் முதல் காட்சியிலேயே மூச்சு வாங்கியது. அதற்கு இந்த வயதில் மருந்து இல்லை. விண்டோஸ் 11க்கான பட்டியலிலும் இந்தப் பிராசசர் கிடையாது. அதைச் சொன்னபோது பையன், "பரவால்ல மாமா, ஜிடிஏ போதும்" என்றான். கம்ப்யூட்டரை மட்டும் பூஜை அலமாரியிடமிருந்து நகர்த்தி, ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டேன்.

ஊருக்குப் போகும்போது மிச்சமிருந்த பேஸ்ட்டை அவன் பையில் போட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் மருமகன் அவங்கப்பா ஆபீஸ் லேப்டாப்பைப் பிரிச்சு மாட்டியிருக்கான். சூடே ஆகலைங்கறான். ஸ்க்ரூ ரெண்டு மிச்சம் இருக்கு, அது எங்கடா போகும்?"