சிரிப்பு அடங்கட்டும், அப்புறம் ‘டிங்’

நாடகத்துக்கு ஒலி போடுகிறவர்கள் நாடகத்தைப் பார்ப்பதில்லை. கேட்கிறோம், அதுவும் மேடையைவிட சனங்களைத்தான் அதிகம் கேட்கிறோம். காதல், ஜோடி தேடும் செயலி, ஜாதகம், ‘சிங்கிள்’ வாழ்க்கை என்று எல்லாவற்றையும் கிண்டலடிக்கும் ஒரு மேடை நகைச்சுவைக்குக் கொஞ்ச காலமாக மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். மலேசியாவில் ஓர் ஈப்போக் குழு, நடிகர்கள் நாலே பேர், ஆளுக்கு அஞ்சாறு வேஷம். கோலாலம்பூர் பக்கத்து நகரமான பெட்டாலிங் ஜெயாவில் எங்கே சிரித்தார்கள், தோட்டத்து ஊரான சுங்கை சிப்புட்டில் எங்கே சிரித்தார்கள் என்று, எந்தச் சத்தம் எப்போது என்றிருக்கும் கியூ தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நாடகம் என்று நம்ப முடியாது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. முப்பதைத் தாண்டிய ஒரு பெண், வங்கியில் வேலை, வீட்டில் அம்மா. துண்டு துண்டான காட்சிகள். முதல் சந்திப்பில் பில்லை யார் கட்டுவது, மூணு நாள் விடிய விடியப் பேசிவிட்டு நாலாவது நாள் காணாமல் போகிறவன், மாப்பிள்ளை என்று சொல்லி நேரில் வந்து காப்புறுதித் திட்டம் விற்கிறவன். இதற்கிடையில் அவளுடைய கைப்பேசி ‘டிங்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ‘டிங்’ என் கையில்.

பெட்டாலிங் ஜெயாவில் சிரிப்பு ‘டிங்’கில் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே பாதிப் பேர் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். சுங்கை சிப்புட்டில் ‘டிங்’குக்கு ஒரு புன்னகை, அவ்வளவுதான். அங்கே மண்டபம் அதிர்ந்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டி உள்ளே நுழைந்தபோது. கையில் ஒரு சம்பல் கிண்ணம், முகத்தில் ஒரு அக்கறை, இன்னும் வாயே திறக்கவில்லை. “எப்போம்மா கல்யாணச் சாப்பாடு?” என்ற வசனத்தைப் பின்வரிசையிலிருந்து யாரோ முதலில் சொன்னார்கள், அப்புறம் முழு மண்டபமும் சொன்னது. நடிகை கெட்டிக்காரி. தன் வசனத்தை விழுங்கிவிட்டு, “அதான் சொல்லிட்டாங்களே” என்று கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த ஒளி கியூவே கடந்து போயிருக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த நாடகத்தை எழுதியவர் நகரத்துக்காரர். ‘சிங்கிள்’ வாழ்க்கை என்றால் அடுக்குமாடி வீடு, ராத்திரி தனியாக தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி வாங்கிய சாப்பாடு, யாருமில்லாத ஞாயிற்றுக்கிழமை என்றுதான் எழுதியிருக்கிறார். தோட்டத்து ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனிமை ஒரு பிரச்சினையே இல்லை. அவளுக்குக் கொஞ்சம் தனிமை கிடைத்தால் தேவலை. நான் மேடையில் கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி அடுக்க வந்த ஓர் அக்கா “நீ யார் மகம்மா?” என்று ஆரம்பித்து, மூன்றாவது கேள்விக்குள் என் வயசுக்கு வந்துவிட்டார். முதல் கேள்வி அப்பா, ரெண்டாவது வேலை. வரிசை மாறுவதே இல்லை.

செயலிக் காட்சியும் இப்படித்தான் வேறாகிப் போனது. ஊருக்கு ஊர் இடப்பெயரை மாற்றிக்கொள்வோம். டிண்டர் மாதிரியான செயலியில் எத்தனை கிலோமீட்டருக்குள் ஆள் வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம், குறைந்தது ரெண்டு, போனால் 160 வரை. நாயகி 2 கிலோமீட்டர் வைத்ததும் திரையில் கோயில் கமிட்டித் தலைவர் மகன் வருகிறான், அடுத்து தமிழ்ப்பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அடுத்து சொந்த மாமா மகன், அதுவும் பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தோடு. கூட்டிக்கொண்டே போகிறாள். ஈப்போ வருகிறது, தைப்பிங் வருகிறது, பினாங்குகூட வந்துவிடுகிறது. கோலாலம்பூர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. இது வெறும் வசனம் இல்லை. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் நேர்க்கோட்டிலேயே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஊரில் வளர்ந்த பையன்களும் பெண்களும் அந்த 160க்கு வெளியேதான் போயிருக்கிறார்கள், கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று. பால்மரம் என்கிற ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, தோட்டத்து வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்த பிறகு யார் இங்கே இருப்பார்கள்? மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. மண்டபம் நிறைந்துதான் இருந்தது, ஆனால் நிறைந்த தலைகள் பெரும்பாலும் நரைத்தவை.

அதனால்தான் சிரிப்பின் தாளமும் மாறியது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், எங்கள் தொழிலில் இதுதான் உயிர். சிரிப்பு கடல் அலைபோல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். முழுசாக இறங்கி மண்டபம் அமைதியாகிவிட்டால் அடுத்த வரி செத்துப் போகும். உச்சியில் சொன்னால் யாருக்கும் கேட்காது. இறங்க ஆரம்பித்து, இன்னும் தரை தொடாத அந்த இடத்தில் ‘டிங்’ விழ வேண்டும். நகரத்தில் இது சுலபம், சேர்ந்து சிரித்துச் சேர்ந்து நிறுத்துவார்கள். இங்கே முதல் சிரிப்பு இறங்கும்போது, காது சரியாகக் கேட்காத பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் வசனத்தைத் திருப்பிச் சொல்கிறார், பாட்டி தன் பங்குக்குச் சிரிக்கிறார், அவர் சிரிப்பதைப் பார்த்து அந்த வரிசையே மறுபடி சிரிக்கிறது. அந்த ரெண்டாவது சிரிப்புக்கும் இடம் விட வேண்டும். விசிறிச் சத்தம் வேறு. நாயகிக்குப் பட்டுச் சேலை என்பதால் காலர் மைக் குத்தினால் சரசரவென்று கேட்கும், கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தோம், வியர்வையில் அது நழுவ நழுவ நான் ட்ரெபிளைக் குறைத்துக்கொண்டே இருந்தேன். தகரக் கூரையில் மழை விழாமல் இருந்ததே பெரிய புண்ணியம்.

இடைவேளைக்கு முன் ரெஜிஸ்டர் காட்சி. இது எனக்கு மிகவும் பிடித்தது, மலேசியாவில் மட்டுமே முழுசாகப் புரியும் காட்சி என்றுகூடச் சொல்வேன். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நம் ஆட்கள் பலர் ரெஜிஸ்டரை முதலில் முடித்துவிட்டு, மண்டபம் கிடைத்து, நாள் பார்த்து, பல மாதம் கழித்துத் தாலி கட்டுவார்கள். நடுவில் அந்த இரண்டு பேரும் யார்? சட்டப்படி புருஷன் பெண்டாட்டி. வீட்டில் கேட்டால், “இன்னும் கல்யாணம் ஆகலை, ராத்திரி பத்து மணிக்குள்ள வந்துடு.” நாடகத்தில் நாயகியின் தோழிக்கு இதுதான் நடக்கிறது. பதிவுக்கு முன் 21 நாள் அறிவிப்பு ஒட்டிவைப்பார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதைக் கேட்டுவிட்டு, “எதுக்கு 21 நாளு? எங்க தோட்டத்து லயத்துல 21 நிமிஷம் போதும்” என்பார். இதற்கு விழுந்த சிரிப்பில் மேலே கட்டியிருந்த ஸ்பீக்கர் கம்பியைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்த நிமிஷம் அந்த ஜோடி சண்டை போட்டுப் பிரிகிறது. தாலி இல்லை, விருந்து இல்லை, ஆனாலும் பிரிய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் பொதுவாக இரண்டு வருஷம் ஆகும்வரை மணவிலக்கு கேட்டு மனு போட முடியாது. அந்த வசனத்துக்கு ஒரு கோமாளி இசை, ‘ட்ட்டொய்ங்’ என்று. என் விரல் அதன் மேல்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு குடும்பம் மட்டும் சிரிப்பை நிறுத்தியது தெரிந்தது, நடுவில் உட்கார்ந்திருந்த பெண் தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். நான் அந்த இசையைப் போடவில்லை. இடைவேளையில் இயக்குநர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். “அடுத்த ஊர்ல போடு” என்றார். போட்டோம், சிரித்தார்கள். நகைச்சுவை வேலை அப்படித்தான், ஊருக்கு ஊர், வரிசைக்கு வரிசை.

மிக்ஸர் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்ட கதையெல்லாம் சொன்னார். பொம்பளை வேஷமும் ஆம்பளைதான் கட்டுவானாம். “கடைசியில ரெண்டு ஆம்பளையும் மாலை மாத்திக்குவானுங்க, நாங்க அரிசி போட்டு வாழ்த்துவோம். இப்பத்தான் எல்லாத்துக்கும் யோசிக்கிறீங்க” என்றார். எனக்கு ஒரு கியூ தவறப் பார்த்தது.

முடிவில்தான் வம்பு. எங்கள் நாடகத்தில் நாயகிக்குக் கல்யாணம் ஆவதில்லை. தோழியின் இன்னொரு கல்யாணத்துக்குத் தனியாகப் போகிறாள், பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறாள், பாயசத்தை ரெண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள், விளக்கு அணைகிறது. சுங்கை சிப்புட்டில் விளக்கு அணைந்ததும் ஒரு குரல், “அப்புறம்?” கைதட்டல் வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் அந்த “அப்புறம்” முதலில் வந்தது. பிறகு கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் இயக்குநரிடம் வந்து, நாடகம் பிரமாதம், திருவிழாவுக்கும் போடலாம், ஆனால் கடைசியில் ஒரு கல்யாணம் மட்டும் வைத்துவிடுங்கள் என்றார். கெட்டிமேளம் என் மடிக்கணினியிலேயே இருக்கிறது, கல்யாண வீட்டு வேலைக்கு வைத்திருப்பது. ஒரு பொத்தான்தான். இயக்குநர் என்னைப் பார்த்தார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாயசத்தை நாயகியிடமிருந்து பிடுங்கினால் இவ்வளவு நேரம் சிரித்ததெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்ததாகிவிடும், கேட்கிறவர்களைப் பார்த்து இல்லை. வேனில் ஈப்போ வரும்வரை இதே சண்டை. கடைசியில் ஆன்ட்டியாக நடிப்பவர்தான் வழி சொன்னார். கல்யாணம் வைப்போம், ஆனால் ஆன்ட்டிக்கு. புருஷன் போய்ப் பல வருஷம் ஆனவர்தானே, அவருக்குத் தோட்டத்துக் குமாஸ்தாவாக இருந்த ஒரு கிராணி அங்கிளைப் பார்த்துவிடுவோம். நாயகி கையில் சம்பல் கிண்ணத்தோடு போய், “எப்போ ஆன்ட்டி கல்யாணச் சாப்பாடு?” என்று கேட்க வேண்டும், கெட்டிமேளம்.

எழுதி அனுப்பியாகிவிட்டது. கமிட்டியில் பாதிப் பேர் சிரித்தார்களாம், மீதிப் பேர் கூட்டம் போட்டுப் பேசலாம் என்றிருக்கிறார்கள்.